சாவடியில் நிற்காத மகரந்தம்

புதுச்சேரி எல்லையிலுள்ள கனகசெட்டிக்குளம் சோதனைச்சாவடியில் மது பாட்டிலைப் பிடிக்கலாம். மகரந்தத்தைப் பிடிக்க முடியுமா? மருந்துக்கும் ஆலைக்கும் என்றே விளைவிக்கும் மரபணு மாற்றுப் பயிர்கள் நம் வயலுக்கு வருமுன் இதை யோசித்துவிடுங்கள்.

2002-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நடந்ததைக் கேளுங்கள். அதற்கு முந்தைய வருடம் பன்றிகளுக்கான தடுப்பூசிப் புரதத்தை மக்காச்சோளத்தில் விளைவித்தது புரோடிஜீன் நிறுவனம். சிந்திய மணிகள் மறுவருடம் அதே நிலத்தில், சோயாவுக்கு நடுவே முளைத்தன. கலந்து முளைத்த செடிகளைச் சரியாகப் பிடுங்காமல் சோயாவை அறுத்துக் கிடங்கில் கொட்டினார்கள். 5 லட்சம் புஷல் சோயா, அதாவது சுமார் 13,600 டன், முடங்கியது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை; களையெடுப்பில் அசட்டை, அவ்வளவுதான்.

அதற்காக இந்த மருந்துகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோஷே என்ற அரிய நோய்க்கான நொதியைக் கேரட் செல்களில் உண்டாக்கி, 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றார்கள். நோயாளிக்கு அது பெரிய வரம். ஆனால் அந்தச் செல்கள் வளர்வது மூடிய கலன்களில். மருந்தை அப்படியே வளர்க்கட்டும். அல்லது யாரும் உண்ணாத செடியில், அடைத்த குடிலுக்குள் வளர்க்கட்டும். சோற்றுப் பயிரில், திறந்த வயலில் கூடவே கூடாது.

நெல் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்ளும், பயமில்லை என்பார்கள். ஆனால் கலப்பு மகரந்தத்தால் மட்டுமா வருகிறது? தாய்ப்பால் புரதங்களை நெல்லில் விளைவிக்கும் வேலை அமெரிக்காவின் கான்சாஸில் நடந்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உதவும் என்ற நல்ல நோக்கம்தான். இங்கே அதைப் பயிரிட்டால்? மருந்து நெல்லும் சோற்று நெல்லும் கண்ணுக்கு ஒன்றே. பாகூரில் அறுத்த மிஷின் மறுநாள் கடலூர்ப் பக்கம் போகும். அதன் வயிற்றில் தங்கிய மணியை யார் தேடுவது?

சட்டம் காக்கும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மரபணு மாற்றுப் பயிரான பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002-இல்தான் அனுமதி. 2001-இலேயே குஜராத்தில் அது ஏக்கர் கணக்கில் நின்றது.

விவசாயிகளே, பில் இல்லாத விதைப்பையைத் தொடாதீர்கள். சோதனைச் சாகுபடிக்கு நிலம் கேட்டு வந்தால், அனுமதிக் கடிதத்தைப் பார்த்தபின் பேசுங்கள். கலந்துவிட்டால் நட்டம் யாருடையது என்று எழுதி வாங்குங்கள். ஆராய்ச்சியாளர்களே, உணவுப் பயிரைத் தொடுமுன் வேறு செடி இல்லையா என்று தேடுங்கள். அதிகாரிகளே, களச்சோதனைக்குத் தடையில்லாச் சான்று தருமுன் எல்லைக்கு அந்தப்புறமுள்ள ஊர்களையும் கேளுங்கள். புதுச்சேரி வயலும் விழுப்புரம் வயலும் ஒரே வரப்பில் முட்டிக்கொள்ளும் இடங்கள் இங்கே எத்தனையோ.