அளவு மாறினால் அறம் மாறுமா?

பத்துப் பேருக்கு நியாயமான ஒரு விதி பத்தாயிரம் பேருக்கும் நியாயமாகவே இருக்குமா? இருக்கும் என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்பது கேட்பதற்கு நேர்மையாக இருக்கிறதல்லவா? இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க ஓர் உரைகல் மருந்து செய்யும் விஞ்ஞானிகளிடம் இருக்கிறது.

சிறுநீரகம் கெட்டவர்களைச் சோகை பிடித்து வாட்டும். அவர்கள் உடலில் ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்ட்டின் என்ற மருந்து 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் சரியான வடிவில் செய்து தரப் பாலூட்டியின் உயிரணுவே வேண்டும். சீன ஹாம்ஸ்டர் என்பது ஒரு சின்னஞ்சிறு எலி வகை. 1957-இல் அப்படியொரு பிராணியின் சூலகத்திலிருந்து தியோடர் பக் என்ற அமெரிக்க விஞ்ஞானி வளர்த்தெடுத்த அணுக்களின் சந்ததி, இன்றும் உலகெங்கும் பெருகி இத்தகைய மருந்துகளைச் சுரந்துகொண்டிருக்கிறது.

இந்த அணுவுக்குப் பாக்டீரியாவுக்கு இருப்பதுபோல் கெட்டியான சுவர் கிடையாது. மெல்லிய சவ்வுதான் காப்பு. உணவுநீரில் மிதந்து வாழும் அதற்குப் பிராணவாயு வேண்டும். வாயுவைக் குமிழிகளாகச் செலுத்தினாலோ, மேலே வந்து குமிழி உடையும் அதிர்ச்சியிலேயே அருகிலுள்ள அணுக்கள் சிதையக்கூடும். ஆகவே பாத்திரத்தையே வட்டமாக அசைத்துக்கொண்டிருப்பது ஒரு வழி. நீர் அலையாகச் சுவரில் ஏறி இறங்குகிறது. போகிற போக்கில் காற்றைக் கரைத்துக்கொள்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஃப்ளோரியன் வூர்ம் என்ற பேராசிரியரின் குழு இந்த முறையை வளர்த்தது. கையில் அடங்கும் 50 மில்லிலிட்டர் குழாயையும் அசைத்தார்கள். 200 லிட்டர் பாத்திரத்தையும் அசைத்தார்கள்.

சிறு குழாயை நிமிடத்துக்கு 180 சுற்று சுழற்றினால் அணுக்கள் சுகமாக வளர்கின்றன. அதே 180-ஐப் பெரிய பாத்திரத்துக்கும் விதித்தால் நீர் கொந்தளித்து நுரை பொங்கும். வேகத்தைக் குறைத்தாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குறைத்துவிடவும் முடியாது. பாத்திரத்தின் நீள அகல உயரங்கள் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. காற்றைத் தொடும் பரப்போ நான்கு மடங்குதான். கூட்டம் பெருகிய அளவுக்கு வாசல் பெருகவில்லை. ஓர் அணுவுக்குக் கிடைக்கும் மூச்சு பாதியாகிவிடும். அணுக்கள் வெளிவிடும் கரியமிலவாயுவும் வெளியேற வழியின்றித் தங்கும். எனவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய அசைவைப் புதிதாகத் தேடிக் காண்கிறார்கள். சுற்றின் எண்ணிக்கை மாறுகிறது. ஓர் அணுவுக்குச் சேர வேண்டிய மூச்சு மட்டும் மாறக்கூடாது.

நாற்பது பிள்ளைகள் படித்த பள்ளி நாலாயிரம் பேருக்கான பள்ளியாகிறது. பழைய விதி ஓர் எழுத்துக்கூட மாறவில்லை என்று நிர்வாகம் பெருமைப்படுகிறது. தலைமையாசிரியரை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது விதி, பார்க்கத்தான் முடிவதில்லை. கொடுக்கிறவன் கையில் எல்லாம் சமம். வாங்குகிறவன் கையில் வந்து சேருவது வேறு.

‘அப்படியானால் இடத்துக்கு ஒரு விதியா? பெரியவர்கள் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொள்ள மாட்டார்களா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான அச்சம். ‘இது பெரிய இடம், அப்படித்தான் இருக்கும்’ என்ற ஒரு வாக்கியத்தின் கீழ் எத்தனை கொடுமைகள் ஒளிந்திருக்கின்றன! விதியை மாற்றும் உரிமை உண்டென்றால், அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவன் மாற்றியவன் அல்லன். அந்த விதியின் கீழ் வாழ்கிறவன்.

ஆய்வுக்கூடத்தில் அந்தச் சாட்சியைக் கேட்காமல் இருப்பதில்லை. பாத்திரத்திலிருந்து ஒரு துளி எடுத்து, நீலச் சாயம் கலந்து, நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். உயிருள்ள அணு சாயத்தை உள்ளே விடாது, செத்தது நீலமாகிவிடும். 200 லிட்டருக்குப் பொறுப்பானவர் குனிந்து, நீலமானவை எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணச் செய்கிறார்.

பெரிய பள்ளிகளிலும் பெரிய அலுவலகங்களிலும் அப்படி எண்ணுகிறவர் யார்?