எந்த ஊர்த் துணி?

"தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" அதையும் மழுப்பினால் "யாரு மகன்?" இந்த விசாரணை எங்கே போய் நிற்கும் என்பது நமக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது. ஆப்பிரிக்கத் துணியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதிலே தொடங்கக் காரணம் இருக்கிறது. அந்தத் துணியையும் இப்படித்தான் நிறுத்தி வைத்து விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர்களில் நம் தோழர்களும் உண்டு, ஆப்பிரிக்க உடைக் கலைஞர்களும் உண்டு.

2020 ஜனவரியில் பாரிஸில், ஆளுக்கென்று அளவெடுத்துக் கையால் தைக்கிற மிக உயர்ந்த விலை உடைகளின் அதிகாரபூர்வமான காட்சி வரிசையில், கேமரூன் நாட்டுக்காரரான இமானே அயிசி தன் உடைகளை வைத்தார். கென்ட்டே இருந்தது, ரஃபியா நார் இருந்தது. ஆப்பிரிக்கா என்றதும் எல்லோர் கண்ணிலும் வந்து நிற்கிற அந்த வாக்ஸ் துணி மட்டும் இல்லை. அவர் அதைத் தொடுவதில்லை. அது காலனியம் கொண்டுவந்து போட்ட துணி, எங்கள் துணி இல்லை என்பது அவர் கட்சி.

வாக்ஸ் என்பது நைஜீரியாவில் அங்காரா என்று வழங்குகிற பருத்தித் துணி. பூ, பறவை, கண், மின்விசிறி, கைப்பை என்று எதை வேண்டுமானாலும் பெரிது பெரிதாக, அடிக்கிற நிறங்களில் அச்சடித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதன் பூர்வீகத்தைக் கிளறினால் அயிசி சொல்வது சரிதான். ஜாவாவில் பெண்கள் மெழுகால் வரைந்து சாயம் தோய்த்த பத்திக் துணியை இயந்திரத்தில் மலிவாகச் செய்து ஜாவாக்காரர்களுக்கே விற்றுவிடலாம் என்று டச்சு முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். மெழுகுக்குப் பதில் பிசினை உருளையால் இரண்டு பக்கமும் ஒற்றி அவுரி நீலத்தில் முக்கினார்கள். பிசின் விரிசல் விட்ட இடத்திலெல்லாம் சாயம் புகுந்து நரம்பு நரம்பாய்க் கோடு விழுந்தது. ஜாவாவில் அதைக் குறை என்றார்கள், சரக்கு எதிர்பார்த்தபடி போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது தங்கக் கடற்கரைக்கு, இன்றைய கானாவுக்கு, வந்து சேர்ந்தது. அங்கே அந்தக் கோடுதான் அழகு என்றார்கள். 1846இல் ஹெல்மண்ட் நகரில் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் பின்னர் இந்த வியாபாரத்தில் முன்னுக்கு வந்தது.

இன்னொரு கதையும் சொல்கிறார்கள். 1831இலிருந்து 1872 வரை டச்சுக்காரர்கள் தங்கக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் பேரைத் தங்கள் காலனியப் படையில் சேர்த்து ஜாவா பக்கம் கொண்டுபோனார்கள். பலர் அடிமைகள். விடுதலைக்கான விலையை முன்பணமாகக் கொடுத்து, பிறகு அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். (நம்மூர் பண்ணையாள் முன்பணம் ஞாபகம் வருகிறதல்லவா.) திரும்பி வந்தவர்கள் பெட்டியில் பத்திக் கொண்டுவந்தார்கள், ஆசை அங்கிருந்து பிறந்தது என்பது கதை. ஆய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. எல்மினாவில் அந்த வயசாளிகள் குடியிருந்த மேட்டுக்கு ஜாவா மேடு என்று பெயர் இருக்கிறது. அவ்வளவுதான் உறுதி.

ஆக, பிறப்புச் சான்றிதழ்படி வாக்ஸ் ஆப்பிரிக்கத் துணி இல்லை. அப்போ எது ஆப்பிரிக்கத் துணி? கென்ட்டேயைச் சொல்வார்கள். அது அசாந்தே அரசர்களின் துணி. அதில் மின்னுகிற பட்டு நூல், பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுவந்த பட்டுத் துணிகளைப் பிரித்து உருவியெடுத்த நூல். யொருபா பெண்கள் அவுரியில் தோய்க்கிற அதிரே? இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அபெயோகுட்டாவில் அந்தத் தொழில் செழித்ததே இங்கிலாந்திலிருந்து வந்த மலிவான வெள்ளைத் துணியின் மேலேதான். தோண்டிக்கொண்டே போனால் கலப்பில்லாத துணி ஒன்றும் கிடைக்காது. கலப்பில்லாத ரத்தம் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பதும் இதுதான். ஆனால் ரத்தம் தேடுகிறவன் கையில் அதிகாரம் இருக்கிறது, எனவே தேடல் நிற்பதில்லை.

இந்த விசாரணையால் யாருக்கு நட்டம் என்பதை சான்சிபாரில் பார்க்கலாம்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் அந்தத் தீவில் அரபு நிலவுடைமையாளர்களின் கிராம்புத் தோட்டங்களில் அடிமைகள் வேலை செய்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணிக்கு அங்கே மெரிக்கானி என்று பெயர். அதுதான் அடிமையின் உடை. பெண்கள் அதையே அவுரியில் கருநீலமாகத் தோய்த்து உடுத்தினார்கள், அதற்குப் பெயர் கனிக்கி. செருப்புப் போடக் கூடாது. தலையை மூடக் கூடாது. தலையை மூடுவது மானமுள்ள வீட்டுப் பெண்ணின் அடையாளம், அடிமைச்சிக்கு எதுக்கு மானம் என்பது எசமானர் நியாயம். 1897இல் அடிமைமுறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் அங்கே நீக்கப்பட்டது. விடுதலையான பெண்கள் பலர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கனிக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு கங்கா வாங்கியது. பளீரென்று அச்சடித்த ஜோடித் துணி. ஒன்றை உடம்பில் சுற்றிக்கொண்டார்கள். இன்னொன்றைத் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கங்கா எங்கே அச்சடித்தது? மான்செஸ்டரிலும் ஹாலந்திலும். டிசைன் சொல்லி வரவழைத்தவர்கள் சான்சிபாரிலும் மொம்பாசாவிலும் கடை வைத்திருந்த இந்திய வியாபாரிகள். 'எந்த ஊர்த் துணி' என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? சுதேசித் துணி கையிலேயே இருந்ததே என்று சொல்ல முடியாது. அவள் மேல் கட்டாயமாய் இருந்த மெரிக்கானியும் அயலூர்த் துணிதான். அவளுக்கு முக்கியம், தலையை மூடக் கூடாது என்றவன் கண்ணெதிரே மூடிக்கொண்டு நடந்து போவது. கொஞ்ச காலத்தில் அந்தத் துணியின் கரையில் சுவாகிலி வாசகங்கள் அச்சாகி வரத் தொடங்கின. முதலில் அரபு எழுத்தில், அப்புறம் ரோமன் எழுத்தில். வாயால் சொல்ல முடியாததை எதிர்வீட்டுக்காரிக்கும் புருஷனுக்கும் துணியால் சொல்கிற வழக்கம் இன்றும் இருக்கிறது.

இதை வாசிக்கிற நமக்கு விளக்கம் தேவைப்படாது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டை பனியன் கூடாது, குடை கூடாது, செருப்புக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. அதே காலத்தில் கதர் கட்டினால்தான் இந்தியன் என்ற பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அரை ஆடையைத் துறவாக உடுத்த ஒருத்தருக்கு முடிந்தது, ஏனென்றால் முழு ஆடை அவருக்கு யாரும் மறுக்காதது. அம்பேத்கர் கோட்டும் டையும் போட்டார். வெள்ளைக்காரன் உடை என்று இன்றும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நம்ம தெருமுனைச் சிலைகளில் அந்தக் கோட்டுக்கு நீல வண்ணம் அடிக்கிறவர்கள் யாரும் அது எந்த ஊர்த் தையல் என்று கேட்டதில்லை.

எனவே அயிசியின் மறுப்பை மதிக்கிறேன், ஆனால் அதை எல்லோருக்குமான சட்டமாக ஆக்கினால் சம்மதிக்க மாட்டேன். சட்டமாகவே ஆக்கிப் பார்த்தவரும் உண்டு. புர்கினா ஃபாசோவில் தாமஸ் சங்காரா, உள்ளூர்ப் பருத்தியில் உள்ளூர்ப் பெண்கள் நெய்த ஃபாசோ டான் ஃபானி துணியை அரசு ஊழியர்கள் உடுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். 1987 ஜூலையில் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் நடுவே அந்த உடையோடு நின்று பேசினார். அதே அக்டோபரில் கொன்றுபோட்டார்கள். அவருடைய நியாயம் பூர்வீகம் பற்றியது இல்லை. பருத்தி இங்கே விளைகிறது, கூலி இங்கேயே கிடைக்கட்டும் என்பது. அந்த நியாயம் எனக்குப் பிடிபடுகிறது. ஆனாலும் ஆணை ஆணைதான். ஊழியர்கள் ஒரு சட்டையை ஆபீசிலேயே மாட்டி வைத்திருந்து, தலைவர் வருகிறார் என்றதும் அவசரமாய்ப் போட்டுக்கொண்டார்களாம். அந்த மாதிரித் துணிக்கு 'சங்காரா வர்றார்' என்றே பேர் வந்துவிட்டது. மக்கள் துணிக்குப் பேர் வைப்பதில் இரக்கமே காட்டுவதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். பிறப்பை வைத்துப் பேசாதே என்று நாம் சொன்னதும், 'அப்படியானால் இது யாருக்கும் சொந்தமில்லை, யாரும் எடுக்கலாம்' என்று ஒருவர் கையை நீட்டுவார். 2017 அக்டோபரில் பாரிஸில் ஸ்டெல்லா மெக்கார்ட்னி, பெரும்பாலும் வெள்ளைப் பெண்களுக்கு அங்காராவில் சட்டை போட்டு நடக்கவிட்டபோது எழுந்த கோபத்துக்கு வந்த பதில்களில் ஒன்று இதுதான்: அந்தத் துணியே டச்சுக்காரனுடையது, நீ ஏன் குதிக்கிறாய்? என்ன சாமர்த்தியம் பாருங்கள். உடுத்தி உடுத்தி அதை மதிப்புள்ளதாக்கிய நூறு வருஷத்தைக் கழித்துவிட்டு ஆலையின் விலாசத்தை மட்டும் நீட்டுகிறார்கள்.

அந்த நூறு வருஷத்தில் நடந்தது என்ன என்பதற்கு லோமே சந்தையைப் பார்க்க வேண்டும். ஆலையில் இருந்து டிசைன் வரும்போது அதற்கு ஒரு எண்தான் இருக்கும். டோகோவின் சந்தைப் பெண்கள் அதைப் பிரித்துப் பார்த்துப் பேர் வைப்பார்கள். கூண்டைவிட்டுப் பறக்கிற பறவைகளுக்கு 'நீ வெளியே போனால் நானும் போவேன்' என்று பேர். புருஷனுக்குச் சொல்கிற எச்சரிக்கை. இன்னொன்று 'என் சக்களத்தியின் கண்'. ஒபாமா பதவிக்கு வந்த காலத்தில் வந்த கைப்பை டிசைன் 'மிஷெல் ஒபாமாவின் பை' ஆனது. பேர் பிடித்தால் துணி போகும், பிடிக்காவிட்டால் மூலையில் கிடக்கும். எது ஓடும், எந்த நிறம் வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் இவர்கள்தான். சில டிசைன்களை விற்கும் ஏகபோக உரிமை பெற்றுப் பெரும் பணம் பார்த்தார்கள். பென்ஸ் கார் வாங்கினார்கள், நானா பென்ஸ் என்று பேர் பெற்றார்கள். இவர்களைப் புரட்சிக்காரிகள் ஆக்க வேண்டாம். எயாடெமாவின் சர்வாதிகாரத்தோடு நல்ல உறவில்தான் இருந்தார்கள். 1994 ஜனவரியில் அந்த வட்டாரப் பணமான சிஎஃப்ஏ ஃபிராங்கின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தபோது டச்சுத் துணியின் விலை இரண்டு மடங்கானது. வாங்குவோர் குறைந்தார்கள். பின்னால் சீனாவிலிருந்து அதே டிசைன் சல்லிசாக வந்தது. பென்ஸ் காலம் முடிந்தது. 2010இல் விலிஸ்கோவை ஆக்டிஸ் என்ற பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. சந்தையில் பிறந்த பேர்களும் விற்பனையோடு சேர்ந்தே கைமாறின என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆப்பிரிக்க உடைக் கலைஞர்களிடம் நான் கேட்க விரும்புவது இந்தத் திசையில்தான் இருக்கிறது. லாகோஸில் லிசா ஃபோலாவியோ 2005இலிருந்து அங்காராவின் மேல் மணியும் ஜிகினாவும் கையால் வைத்துத் தைக்கச் செய்கிறார். துணியின் விலையைவிட அந்தக் கைவேலையின் விலை எங்கேயோ போய்விடுகிறது. கென்னத் இசே நைஜீரிய நெசவாளர்களோடு சேர்ந்து அசோ ஓகே நெய்து 2019இல் எல்விஎம்எச் பரிசின் கடைசிச் சுற்றுவரை போனார். இரண்டு பேரிடமும் ஒரே கேள்விதான்: ஊசி பிடித்த கைக்கும் தறியில் இருந்த காலுக்கும் எவ்வளவு போனது? 2019 ஏப்ரலில் மராகேஷில் டியோர் நடத்திய காட்சிக்கு அபிஜானின் யூனிவாக்ஸ் ஆலையில் துணி அச்சடித்தார்கள். மண்டேலாவுக்குச் சட்டை தைத்த பாத்தேயோவையும் சேர்த்துக்கொண்டார்கள். வேலை ஐவரி கோஸ்ட்டில் நடந்தது, தொழிலாளிக்குக் கூலி வந்தது, நல்லதுதான். ஆலை விலிஸ்கோ குழுமத்துடையது. மேடை பாரிஸ்காரருடையது.

நம்மிடமும் விசாரணை வரும். புதுச்சேரியிலிருந்து பிரஞ்சுக்காரர்கள் கொண்டுபோன, அவுரியில் தோய்த்த 'கினே' துணி செனெகலில் பணம் மாதிரி புழங்கியது. பிசினும் வாங்கினார்கள், மனிதரையும் வாங்கினார்கள். துணியின் பேர் கணக்கேட்டில் இருக்கிறது. தொட்டியில் இறங்கி நின்றவர் பேரை நான் பார்த்ததில்லை. நைஜர் முகத்துவாரத்தில் கலபாரி மக்கள், அவர்களும் ஒருகாலத்தில் ஆள் விற்றவர்கள்தான், மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை வாங்கி, பிளேடால் நூல் நூலாக அறுத்து உருவிப் புது உருவம் எடுக்கிறார்கள். அதற்குப் பேர் பெலெத்தே பிதே, வெட்டிய துணி. பிறப்பிலிருந்து இறப்பு வரை அது அவர்கள் சடங்குகளில் இருக்கிறது.

வாக்ஸ் துணியின் கரையில் கம்பெனியின் பேரும், இது அசல் டச்சு வாக்ஸ் என்ற வாசகமும் அச்சாகியிருக்கும். சந்தைக்காரி வைத்த பேர் துணியில் எங்கேயும் இருக்காது. அசல் சரக்கு என்று காட்டுவதற்காக அந்தக் கரையை வெட்டாமல் வெளியே தெரியும்படி வைத்துத் தைக்கச் சொல்கிற பெண்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் அதே எழுத்தைக் கொஞ்சம் மாற்றி அச்சடித்த சீனத் துணி தொங்குகிறது. இரண்டையும் அவர்கள் அதே பேரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறார்கள்.