சாவியை அனுப்பாத கையொப்பம்

ஒரு தளத்தின் ஆவணங்கள் அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் இருக்கின்றன. பொதுப் பார்வைக்குத் திறக்கப்படவில்லை. முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வர்தான் அவற்றை எடுத்துத் தர வேண்டும். தன்னிடம் ரகசியச் சாவி இருப்பதை, அந்தச் சாவியை அனுப்பாமலேயே அது எஸ்3-க்கு நிரூபித்தாக வேண்டும். அதற்கான வழி அமேசானின் நான்காம் பதிப்புக் கையொப்ப முறை. என்ஜின்எக்ஸுக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுதியான என்ஜேஎஸ் இதைச் சர்வருக்குள்ளேயே செய்துவிடும்.

முதல் அடுக்கு, கோரிக்கையை ஒரே ஒழுங்கில் எழுதுவது. வினைச்சொல், பாதை, வினவல், சிறிய எழுத்தில் அகர வரிசைப்படி தலைப்புகள், கையொப்பத்தில் சேரும் தலைப்புகளின் பட்டியல், உள்ளடக்கத்தின் எஸ்ஹெச்ஏ-256 சுருக்கம் ஆகியவை வரிவரியாக வரும். இரண்டாம் அடுக்கில் முறையின் பெயர், நேரம், வரம்பு ஆகியவற்றோடு முதல் உரையின் சுருக்கம் சேரும். தேதி, வட்டாரம், சேவை ஆகியவற்றைக் கொண்டதே வரம்பு.

மூன்றாம் அடுக்குதான் இந்த முறையின் உயிர். ரகசியச் சாவியால் நேரடியாகக் கையொப்பமிடுவதில்லை. அந்தச் சாவியோடு தேதியை எச்மேக் என்னும் சாவியிட்ட சுருக்கக் கணக்கில் இட்டு ஒரு சாவி. அதிலிருந்து வட்டாரத்துக்கு ஒன்று. பிறகு சேவைக்கு ஒன்று. கடைசியாக மாறாத ஒரு சொல்லைச் சேர்த்துக் கையொப்பச் சாவி. இது வெளியே கசிந்தாலும் வேறு வட்டாரத்துக்கோ சேவைக்கோ உதவாது. அதிலிருந்து மூலச் சாவிக்குத் திரும்பவும் முடியாது. இந்தச் சாவியால் இரண்டாம் அடுக்கின் உரைக்குக் கிடைக்கும் 64 எழுத்துகளே கையொப்பம்.

எஸ்3 இதே கணக்கைத் தன் பக்கத்தில் போட்டுப் பார்க்கும். ஆகவே கையொப்பமிட்டதும் அனுப்பியதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் நிற்கும் சர்வருக்கு இதுவே கடினமான பகுதி. உலாவி அனுப்புவது தளத்தின் பெயர். எஸ்3-க்குப் போக வேண்டியது சேமிப்பகத்தின் பெயர். கையொப்பத்தில் எதைச் சேர்த்தோமோ அதையே ஹோஸ்ட் தலைப்பிலும் வைக்க வேண்டும். பாதையை என்ஜின்எக்ஸ் ஒரு மாறியில் குறியேற்றம் நீக்கியும் இன்னொன்றில் வந்தபடியேயும் தரும். ஒன்றில் கையொப்பமிட்டு மற்றதை அனுப்பினால் பொருந்தாது. கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகப் பிரிந்து குறியேறும். எஸ்3-க்கு இந்தக் குறியேற்றத்தை ஒரு முறை செய்தால் போதும். அமேசானின் பிற சேவைகள் பாதைக்கு இரு முறை கேட்கும்.

நேரமும் அப்படித்தான். நேரத் தலைப்பையும் கையொப்பத்தையும் இரு செயற்கூறுகள் தனித்தனியே கடிகாரம் பார்த்து உருவாக்கினால், ஒரு விநாடி மாறியும் எல்லாம் வீணாகலாம். ஒரே நேரத்தை எடுத்து இரண்டுக்கும் தருவதே சரி. தேதி உலகப் பொது நேரப்படி அமையும்: இந்தியாவில் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை அது முந்தைய நாள். சர்வர் கடிகாரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகினாலும் எஸ்3 மறுத்துவிடும்.

கையொப்பம் பொருந்தாதபோது, எஸ்3 தான் கட்டிய முதல் இரண்டு அடுக்குகளின் உரையையும் பிழைச் செய்தியிலேயே தருகிறது. நம் நிரல் கட்டிய உரையை அதன் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். சாவியைச் சந்தேகிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான்: முதலில் வேறுபடும் எழுத்து, பிழை எந்த வரியில் இருக்கிறது என்று காட்டிவிடும்.