ஏட்டறிவும் பட்டறிவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிறர் வழக்கைப் பேசித் தீர்ப்பவர்களுக்கும் இது பொருந்துமா? ஊர்ப் பெரியவர்கள் செய்துவந்த இப்பணி, சென்னை உயர் நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு சமரச மையத்தைத் தொடங்கிய பின், பயிற்சி பெற்றோர் ஆற்றும் பணியாகவும் வளர்ந்துள்ளது. 2023இல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆகவே இக்கேள்வி இன்று நம் இல்லங்களையும் தொடுகின்றது.

ஒருவர் என்ன கேட்கிறார் என்பதோடு நின்றுவிடாமல், ஏன் கேட்கிறார் என்பதையும் ஆராய வேண்டும் என்பது இத்துறை ஆய்வின் முதற்பாடம். ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் வெளியிட்ட நூல் இதனை உலகறியச் செய்தது. நல்ல பாடமே, ஆனால் அது போதுமா?

வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்ட கோச்சடை போன்ற பகுதிகளில் நிகழக்கூடிய ஒரு பாகப்பிரிவினையை எண்ணிப் பார்ப்போம். உயில் எழுதாது இறந்த கிறிஸ்தவத் தந்தையின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு என்கிறது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். ஆயினும் அண்ணன்மார் நடுவே அமர்ந்திருக்கும் தங்கை, "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்கிறாள். ஏட்டை மட்டும் கற்றவர், அவள் நாடுவது பிறந்த வீட்டு உறவையே என்று கண்டு மகிழ்ந்து முடித்துவிடுவார். பலமுறை இத்தகைய அவைகளில் அமர்ந்தவரோ அவள் குரலின் தயக்கத்தை அறிவார். அவளைத் தனியே அழைத்துக் கேட்பார்.

எனினும் பட்டறிவுக்கும் ஒரு குருடு உண்டு. "கலியாணத்தில்தான் சீர் செய்தாயிற்றே" என்று காலமெல்லாம் சொல்லிப் பழகியவர் தம் பழக்கத்தையே அனுபவம் என எண்ணிவிடுகிறார். விட்டுக்கொடுப்பவர் எப்போதும் தங்கையாகவே இருப்பது ஏன் என்று பல வழக்குகளை ஒப்பிட்டுக் கேட்பது ஆய்வே.

விவேகமுள்ளவர் பொது நெறிகளையும் தனித்தனி நிகழ்வுகளையும் ஒருங்கே அறிந்திருக்க வேண்டும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நட்டமடைவது சமரசம் செய்தவர் அல்லர். அவையில் குரல் தாழ்ந்தவரே.

ஆதலின், அன்பர்களே, நம் குடும்பங்களில் ஒரு வழக்குத் தீர்ந்தது என்று கையொப்பமிடுமுன், "சம்மதித்தாளா?" என்று மட்டும் கேட்டு அமையாதிருப்போம். மறுத்திருந்தாலும் அவளுக்கு அவ்வீட்டு வாசல் திறந்திருக்குமா என்றும் கேட்போம்.