அசலும் நகலும்: ஆம்பூர்க் காலணி எழுப்பும் அறக்கேள்வி

மிலான், பாரிஸ் நகரங்களின் ஃபேஷன் மேடையில் ஒரு மாடல் அணிந்து நடந்த காலணியின் சாயல் சில மாதங்களில் சாதாரணக் கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறது. கூர்முனையும் பட்டையும் பக்கிளும் குதிகாலின் உயரமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். விலை மட்டும் பல மடங்கு குறைந்திருக்கும். அப்படி ஒன்றைச் செய்வதும் வாங்கி அணிவதும் தவறா என்ற கேள்வியை ஆராய ஆம்பூர் பொருத்தமான ஊர். பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் வட்டாரத்தில் கிளார்க்ஸ், கோல் ஹான் முதலிய வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஷூக்கள் தைக்கப்படுகின்றன. ஏற்றுமதியில் மிஞ்சியதும் தரத்தில் கழிந்ததும் உள்ளூரிலேயே செய்ததும் அதே ஊரின் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. அசலும் நகலும் ஒரே தெருவில் பிறக்கும் இடம் இது.

சாயலை மலிவாக்கும் வேலை பெரும்பாலும் தோலில்தான் நடக்கிறது. முள் கிழித்த கோடும் உண்ணி கடித்த தழும்பும் இல்லாத தோல், மேற்பரப்பு சிதையாமல் முதல் தரமாக விலைபோகும். தழும்புள்ள தோலின் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்து, நிறப்பூச்சு கொடுத்து, சூடான அச்சுத்தகட்டின் கீழ் வைத்து அழுத்துகிறார்கள். அழுத்தம் விலகும்போது மாட்டுத்தோலில் முதலையின் செதில்கள் எழுந்திருக்கும். தடித்த தோலை இரண்டாகப் பிளந்தால் கிடைக்கும் அடிப்பகுதிக்கு ‘ஸ்பிளிட்’ என்று பெயர். அதன்மேல் பாலியூரித்தேன் படலம் ஒட்டினால் பார்வைக்கு அதுவும் நல்ல தோல்தான். வெட்டு ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் மேலே பிளாஸ்டிக் போன்ற மெல்லிய கோடும் கீழே தளர்ந்த நாரும் தனித்தனியாகத் தெரியும். தையலால் பிணைக்க வேண்டிய தோல் சோலுக்குப் பதிலாகப் பசையால் ஒட்டிய ரப்பர் சோல் வந்துவிட்டால் செலவு இன்னும் இறங்கும். இவற்றில் எதுவும் சட்டவிரோதம் அல்ல. நல்ல கைத்திறன் இல்லாதவரால் இதைச் செய்யவும் முடியாது.

வடிவத்தைப் பார்த்துச் செய்வது பற்றிச் சட்டத்தின் நிலை ஓரளவு தாராளமானது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்த வடிவத்துக்கு அதிகபட்சம் 15 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்திருக்க வேண்டிய வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதன் பதிப்புரிமையையும் முடித்துவிடுகிறது. பெயரையும் முத்திரையையும் போலியாக இடுவது வேறு; 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்தில் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சட்டம் இந்தக் கோட்டை வரைவதற்கு வெகுகாலம் முன்பே சமய மரபுகள் ஏறக்குறைய அதே இடத்தில் அதை வரைந்துவிட்டன. இந்த வட்டாரத்தின் தோல் வணிகத்தில் முஸ்லிம் குடும்பங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் உள்ள ஜாமிஆ தாருஸ்ஸலாம் மதரசாவை 1924இல் நிறுவிய காகா முஹம்மது உமர் ஒரு தோல் வணிகர். அத்தகைய மதரசாக்களில் பயிலப்படும் ஹதீஸ் நூல்களில் ஒரு சந்தை நிகழ்ச்சி வருகிறது. நபிகள் நாயகம் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபி, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றார். நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. மறைக்கக் கூடாது என்பதுதான் கட்டளை. அச்சிட்ட செதிலை அச்சுத்தோல் என்றும், ஸ்பிளிட்டை ஸ்பிளிட் என்றும் சொல்லி விற்கும் கடைக்காரர் அந்தச் சந்தையில் நிமிர்ந்து நின்றிருப்பார். அதையே முழுத்தோல் என்று சொல்லிக் கூடுதல் காசு வாங்குபவரால் நின்றிருக்க முடியாது.

திருக்குறளின் கூடாவொழுக்கம் அதிகாரம் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிர் மேயும் பசுவை அங்கே வள்ளுவர் காட்டுகிறார். மன உறுதி இல்லாமல் தவக்கோலம் மட்டும் பூண்டவரைப் பற்றிய உவமை அது. பசு புலித்தோல் போர்த்தியதோடு வள்ளுவர் நிறுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது பயிரை மேய்கிறது. காவல்காரன் அஞ்சி விலகும்படி வேடத்தைப் பயன்படுத்துகிறது. அடுத்தவருக்கு உரியதை எடுக்க உதவும்போதுதான் வேடம் அங்கே குற்றமாகிறது. இந்த அளவுகோலால் பார்த்தால், தங்கையின் கல்யாணத்துக்கு மேடைக் காலணியின் சாயலில் ஒரு ஜோடி வாங்கி அணியும் பெண் யாருடைய வயலையும் மேயவில்லை. அழகின்மீது அவளுக்குள்ள உரிமை பணக்காரருக்கு உள்ளதைவிட ஒரு துளியும் குறைந்ததல்ல. ஆடையால் பெயர் வாங்கத் துடிப்பதை இஸ்லாமிய மரபு கண்டிக்கிறது. வீண்விரயத்தைக் குர்ஆன் தடுக்கிறது. ஆனால் அந்தக் கண்டிப்பு மலிவான ஜோடியைவிட லட்ச ரூபாய் ஜோடியின் மேல்தான் முதலில் விழ வேண்டும்.

அசல் என்று மேடையில் காட்டப்படுவதும் எங்கிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். 2025 ஜூனில் மிலானில் பிராடா நிறுவனம் காட்சிப்படுத்திய செருப்பு, மகாராஷ்டிர, கர்நாடகக் கைவினைஞர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் கோலாப்பூர் செருப்பைப் போலவே இருந்தது. கோலாப்பூர் செருப்பு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. முதலில் அதன் பெயரையே சொல்லாத நிறுவனம், எதிர்ப்பு எழுந்த பிறகே அது இந்தியப் பாரம்பரியக் காலணியால் உந்தப்பட்டது என ஒப்புக்கொண்டது. தெரு மேடையைப் பார்த்துச் செய்தால் அதற்கு நகல் என்று பெயர். மேடை தெருவைப் பார்த்துச் செய்தால் உந்துதல் என்று பெயர். இந்த ஏற்றத்தாழ்வுக்கு எந்த அறநூலிலும் ஆதாரம் கிடையாது.

செய்தவர் பெயர் மறைவது தோலின் வரலாற்றில் நெடுநாள் கதை. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் திருநாளைப்போவார் என்னும் நந்தனார், கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். அவர் தந்த தோல் சந்நிதிவரை போய் ஒலித்தது. அவர் வாயிலுக்கு வெளியே நின்றார். பதனிட்ட தோல் தூய்மையாகிவிடுகிறது என்பது இஸ்லாமியச் சட்ட மரபு. சாதி ஒழுங்கோ தோலை ஏற்றுக்கொண்டு தோலைத் தொட்ட கையை மட்டும் தீட்டு என்றது. தோலைச் சுத்தம் செய்யும் தொட்டிகளில் இன்றும் பெரும்பாலும் தலித் தொழிலாளர்களே இறங்குகிறார்கள். ஷூ கம்பெனிகளின் ஸ்டிச்சிங் வரிசைகளில் சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்களே அதிகம். ஓரம் சீவிய இரண்டு தோல்துண்டுகளை விரல்நுனியால் சேர்த்துப் பிடித்து, ஊசியின் வேகத்துக்கு ஈடாக வளைவைத் திருப்பும் திறமை அவர்களுடையது. வெளிநாட்டுப் பெயர் பதித்த ஷூவின் மேற்பகுதியைத் தைப்பதும் பெயரில்லாத ஷூவின் மேற்பகுதியைத் தைப்பதும் அதே திறமைதான். அசல் என்பதைக் கைகளால் வரையறுத்தால் இரண்டு ஜோடியும் அசல். பெயரால் மட்டும் வரையறுத்தால், அந்தப் பெயருக்கு உரியவர் அந்தக் காலணியை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார்.

மலிவு எங்கிருந்து வருகிறது என்பது கடைசிக் கேள்வி. எல்லாவற்றிலும் கனமான கேள்வியும் அதுவே. ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் வாரக்கணக்கில் பதனிட்டுவந்த இந்த வட்டாரத்தில், ஒருநாளில் வேலையை முடிக்கும் குரோம் பதனிடல் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. உப்பும் குரோமியமும் பாலாற்றிலும் கிணறுகளிலும் சேர்ந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர்செய்யத் தகாததாகிவிட்டதாகப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும் அத்தீர்ப்பு அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபின்னும் துயரம் ஓயவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் மாண்டனர்.

வள்ளுவரின் அளவுகோலை இங்கே வைத்தால் மேயப்பட்ட வயல் உவமையாக அல்லாமல் நிஜமாகவே கண்ணில் படுகிறது. சாயலை எடுத்ததால் மிலான் வடிவமைப்பாளருக்கு நேர்ந்த இழப்பைவிட, நீரைக் கெடுத்ததால் பாலாற்று உழவருக்கு நேர்ந்த இழப்பு பன்மடங்கு பெரிது. அந்தக் கடனில் அசலுக்கும் நகலுக்கும் பங்கு உண்டு. விலை அதிகம் என்பதால் அசல் அதிலிருந்து தப்பிவிட முடியாது. 2025 ஜனவரி 30 அன்று இதே வட்டாரம் குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கியது. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் இன்னும் இழப்பீடு பெறாதவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆறு வாரங்களுக்குள் அதை வழங்க வேண்டும், பின்னர் மாசுபடுத்திய தொழிற்சாலைகளிடமிருந்து அத்தொகையை வசூலிக்க வேண்டும் என்பது அதன் உத்தரவு.