யார் வைத்த பெயர்?

கங்காருவுக்கும் வாலபிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிசு கங்காரு, சிறிசு வாலபி, நடுவாந்தரம் வல்லரூ. ஜவுளிக்கடையில் சட்டை அடுக்குகிற மாதிரிதான்! ரத்த சொந்தம் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. மரமேறும் மரக் கங்காருவுக்கு நெருங்கிய பங்காளி பெரிய கங்காரு அல்ல, பாறை வாலபி. 2019-ல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு சாம்பல் கங்காருக்கள் பழைய பேரினத்திலேயே தங்கிவிட, சிவப்புக் கங்காரு வல்லரூக்களோடு தனிக்குடித்தனம் போய்விட்டது.

கங்காருவுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அது புல்தான் தின்னும். எல்லாப் பெயரும் இப்படிச் சாதுவாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

அதே ஆஸ்திரேலியாவின் தைலமரத்தைப் பார்க்க நீங்கள் புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் பக்கம் போனால் போதும். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் காகிதக் கூழுக்காக வளர்க்கும் மரம். இந்திய வன அளவை நிறுவனத்தின் இலக்கணம் எளிமையானது: குறைந்தது ஒரு ஹெக்டேர் நிலம், அதில் 10 சதவீதத்துக்காவது மரங்களின் தலைக்கவிகை. இருந்தால் வனப்பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்ற கேள்வியே கிடையாது. ஆக, தைலமரத் தோப்பு பாஸ். காரையும் சூரையும் மண்டி, கவுதாரி முட்டையிடும் முள்காடு 10 சதவீதத்தைத் தொடாவிட்டால் வெறும் புதர்!

செயற்கைக்கோள் படத்தை வைத்து நாட்டையே அளப்பவர்களுக்கு எங்காவது ஒரு கோடு வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பி.காம். படித்தவனுக்குத் தெரியும், செலவை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதில்தான் லாபமே ஒளிந்திருக்கிறது. அரிமளம் வட்டார விவசாயிகளின் புகார் இதுதான்: தோப்புக்குள் போட்ட வரப்புகள் மழைத் தண்ணியை மறிக்கின்றன, கண்மாய்க்கு வரத்து இல்லை. வகை பிரித்தவருக்குப் பரப்பு கூடுகிறது. கண்மாயை நம்பியவருக்கு நெல் குறைகிறது. நஷ்டப்படப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்காமல் வகை பிரிக்கலாமா?

கேட்டால் பதில் இருக்கிறது. ‘காடுன்னா நாலு சூராம்பழமாச்சும் கெடக்கணும்ல? ஆடு வாய் வைக்காத எலையை வச்சுக்கிட்டு என்னங்க காடு?’ இதுவும் ஓர் இலக்கணம்தான். சதவீதம்தான் இல்லை. அளக்கிறவர்கள் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் போடலாம்.