தண்டாலில் தூக்கப்படுவது யார்?

1910-ல் லண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஷ்கோ, இந்திய மல்லர் காமா பயில்வானிடம் தோற்காமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தரையோடு தரையாகக் கவிழ்ந்து கிடந்தார். எதிராளியை அப்படி ஒட்டவைத்த காமாவின் உடம்பு தண்டாலிலும் பஸ்கியிலும் விளைந்தது. காமா முஸ்லிம். காசியின் அகாடாக்கள் எனும் மல்யுத்தக் கூடங்களிலோ அனுமனை வணங்கிவிட்டுத்தான் மல்லர்கள் மண்ணில் இறங்குவார்கள். அவர்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜோசப் ஆல்டர் 1992-ல் வெளியிட்ட நூலில், அங்கே உடற்பயிற்சி, உணவு, பிரம்மச்சரியம் எல்லாம் ஒரே ஒழுக்கம் என்று விளக்குகிறார்.

இது பக்தியா, உடல் செருக்கா?

நம் மரபிலேயே இரண்டு குரல்கள் உண்டு. உடம்பை இழிவாகவே பாடியவர் பட்டினத்தார். திருமூலரும் முதலில் அப்படித்தான் எண்ணியிருந்தார். உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறார். சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. தநு (உடம்பு), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) ஆகிய நான்கும் உயிருக்கு இறைவன் கொடுத்தவை. உடம்பு இரவல் கருவி. பழுதாக விடுவதும் தவறு, சொந்தம் கொண்டாடுவதும் தவறு.

உடம்பு கருவியா, 'நான்'தானா என்ற கேள்வி ஜிம்மில் இன்னும் கூர்மையாகிறது. பெஞ்ச் பிரஸில் 'நான்' தனி, இரும்பு தனி. முதுகு பலகையில் அழுந்துவதால் தோள்பட்டை எலும்புகள் அசைய அதிக இடமில்லை. தண்டாலில் அவை தாராளமாக நகர்கின்றன. விலாவோரத் தசை விழித்துக்கொள்கிறது, வயிறும் பிட்டமும் உடலை நேராகப் பிடித்து நிறுத்துகின்றன. கைகளில் ஏறும் சுமை உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை. முழங்காலை ஊன்றினால் அது குறையும், பாதங்களை மேடையில் வைத்தால் கூடும். இரும்பைப் போல எடையைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவது தண்டாலில் எளிதல்ல. ஆகவே பெஞ்ச் பிரஸைக் கைவிடத் தேவையில்லை, அதன் பின்னால் இரண்டு மூன்று செட் தண்டால் சேர்த்தாலே போதும்.

தண்டாலின் பலன் பற்றிப் பேசும்போது ஓர் ஆய்வு நினைவுக்கு வரும்: அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் 1,104 பேரைப் பத்தாண்டு கவனித்த ஆய்வு 2019-ல் வந்தது. நாற்பதுக்கு மேல் தண்டால் எடுத்தவர்களுக்கு, பத்துகூட எடுக்க முடியாதவர்களைவிட இதயநோய் மிகக் குறைவு. தண்டாலே இதயத்தைக் காத்தது என்று அதற்குப் பொருளல்ல. ஆரோக்கியமானவர்களால் அதிகம் எடுக்க முடிந்திருக்கலாம்.

தத்துவம் தலைகாட்டுவது கடைசித் தண்டாலில். தூக்குவதும் தூக்கப்படுவதும் ஒரே உடம்பு. கை நடுங்கி 'போதும்' என்கிறது. 'இன்னொன்று' என்று ஏதோ ஒன்று சொல்கிறது. அந்தக் குரல்தான் ஆன்மா என்று சொல்ல ஆசை வரும். அதுவும் மூளையின் வேலைதான் என்பார் நரம்பியலாளர். வேடிக்கை என்னவென்றால், சித்தாந்தி இதை மறுக்க மாட்டார். மனமும் புத்தியும் கரணங்களைச் சேர்ந்தவையே. அகங்காரமும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. செட் முடிந்ததும் கண்ணாடி முன் புஜத்தைப் படம் எடுக்க விரைவது அதுதான்.